லோ கட்டும் ஹை-பாஸும் ஒன்றா? ஒலிப்பதிவு ஃபில்டர்களின் பெயர்க் குழப்பம்

கேள்வி: வணக்கம் சார். வீட்டில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பழைய சிறுகதைகளை வாசித்துப் பதிவு செய்கிறேன். என்னுடையது கொஞ்சம் கனமான ஆண் குரல். மைக், ஆடியோ-டெக்னிக்கா ஏடி2035. அதில் வளைந்த கோடு போட்ட ஒரு சுவிட்ச் இருக்கிறது. கையேடு அதை ‘ரோல்-ஆஃப்’ என்கிறது. மிக்ஸரில் ‘லோ கட், 80 ஹெர்ட்ஸ், 18 டிபி’ என்று ஒரு பட்டன். கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் போனால் ‘ஹை-பாஸ்’, ‘லோ-பாஸ்’ என்று இரண்டு. அடியில் வரும் உறுமலைத்தானே எடுக்க வேண்டும் என்று லோ-பாஸில் 80 கொடுத்தேன். குரலே காணாமல் போய்விட்டது. ஹை-பாஸ் போடு என்கிறார் நண்பர். ஹை எனக்குப் பிரச்சினையே இல்லையே, அதை ஏன் தொட வேண்டும்? கடைசியில் மைக் சுவிட்ச், மிக்ஸர் பட்டன், ஆடாசிட்டியில் 100 ஹெர்ட்ஸுக்கு 24 டிபி ஹை-பாஸ் என்று மூன்றையும் போட்டேன். இப்போது குரல் போனில் பேசுவதுபோல் மெலிந்துவிட்டது. ‘ம்ம்’ என்ற சத்தம் மட்டும் இன்னும் கேட்கிறது. எது எது என்று புரியும்படி சொல்லுங்கள். பதிவான கதைகளைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘லோ கட்’, ‘ஹை-பாஸ்’, உங்கள் மைக்கின் ‘ரோல்-ஆஃப்’, அந்த வளைந்த கோடு எல்லாமே ஒரே வகை ஃபில்டர்தான். கீழ் அதிர்வெண்களைக் குறைக்கும், மேலே இருப்பதை அப்படியே விட்டுவிடும். நண்பர் சொன்னது சரி. நீங்கள் முதலில் போட்ட லோ-பாஸ் இதற்கு நேர் எதிர். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் விட்டுவைத்து, மேலே உள்ளதையெல்லாம் அழித்துவிட்டது. பேச்சுக்குரலில் 80-க்குக் கீழே அநேகமாக ஒன்றுமே கிடையாது. அதனால்தான் குரல் போய், நீங்கள் விரட்ட நினைத்த உறுமல் மிஞ்சியது.

உங்கள் யோசனையில் தப்பு இல்லை. ‘லோ-பாஸ்’ என்று எழுதியிருந்தால், ‘லோ’ சம்பந்தமாக ஏதோ செய்யும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மாவு சலிக்கும்போது கீழே விழுவதை வைத்தும் சல்லடைக்குப் பெயர் வைக்கலாம், மேலே தங்கும் தவிட்டை வைத்தும் வைக்கலாம். இங்கே இரண்டு தொழில்காரர்கள் ஆளுக்கு ஒரு பக்கத்திலிருந்து பெயர் வைத்துவிட்டார்கள்.

‘பாஸ்’ என்பது மின்பொறியாளர்களின் பேச்சு. ஒரே தொலைபேசிக் கம்பியில் பல உரையாடல்களை வெவ்வேறு அதிர்வெண் பட்டைகளில் ஏற்றி அனுப்பி, மறுமுனையில் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்த காலத்தில் இந்த ஃபில்டர்கள் வளர்ந்தன. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தில் இருந்த ஜார்ஜ் காம்ப்பெல் இதற்கு 1917-ல் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியில் கார்ல் வில்லி வாக்னர் அதே காலத்தில் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். எந்தப் பட்டை கடந்து வர வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். ஆகவே ஹை-பாஸ் என்றால் மேல் அதிர்வெண்களைக் கடக்க விடுவது, லோ-பாஸ் என்றால் கீழ் அதிர்வெண்களைக் கடக்க விடுவது, பாண்ட்-பாஸ் என்றால் நடுவில் ஒரு பட்டையை மட்டும் விடுவது.

ஒலிப்பதிவு மேசையில் உட்காருபவருக்கு இந்தக் கவலை இல்லை. அவர் காதில் விழுவது ஏசியின் உறுமல், தெருவில் போகும் லாரி, மேசையைத் தட்டும் கை. அதை எடுக்க வேண்டும். எதை வெட்டுகிறோமோ அதையே அவர் பெயராக வைத்தார்: லோ கட், ஹை கட். எனவே லோ கட் என்றால் ஹை-பாஸ். ஹை கட் என்றால் லோ-பாஸ். இந்த ஒரு வரியை மிக்ஸரில் ஒட்டி வையுங்கள்.

மென்பொருள்காரர்களாவது ஒரு பக்கம் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஆடாசிட்டியும் புரோ டூல்ஸும் ‘பாஸ்’ கட்சி. லாஜிக்கும் ஃபேப்ஃபில்டரின் ஈக்யூவும் (ஈக்யூ என்றால் ஈக்வலைசர், அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) ‘கட்’ கட்சி. ஏபிள்டன் லைவில் ஈக்யூ எய்ட் என்ற கருவிக்குள் ‘லோ கட்’ என்று இருக்கும்; அதே மென்பொருளின் ஆட்டோ ஃபில்டர் கருவிக்குள் அதுவே ‘ஹை-பாஸ்’ ஆகிவிடும். ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: சப்வூஃபரின் பின்னால் இருக்கும் குமிழில் ‘லோ-பாஸ் 80’ என்று வைத்துப் பழகியிருப்பார்கள். அங்கே அது மிகச் சரி, ஏனென்றால் சப்வூஃபருக்குக் கீழ் ஒலி மட்டும்தான் போக வேண்டும். அந்தப் பழக்கத்தோடு குரல் பதிவுக்கு வந்தால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

இதனால்தான் எங்களிடம் வேலை கற்றுக்கொள்ள வருபவர்களிடம் பெயரைப் படிக்காதே, படத்தைப் பார் என்று சொல்வேன். படத்தில் இடது பக்கம் கீழ் அதிர்வெண், வலது பக்கம் மேல் அதிர்வெண். கோடு இடது பக்கம் கீழே சரிந்திருந்தால் அடி ஒலி போகிறது. வலது பக்கம் சரிந்திருந்தால் மேல் ஒலி போகிறது. உங்கள் மைக்கில் நேர்க்கோடு இருக்கும் பக்கம் சுவிட்ச் இருந்தால் ஃபில்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்; இடது முனை வளைந்த கோடு இருக்கும் பக்கம் தள்ளினால் வேலை செய்கிறது. மைக், மிக்ஸர், மென்பொருள் எதுவானாலும் இந்தப் படம் மாறுவதில்லை. பக்கத்திலேயே ‘10 டிபி’ என்று இன்னொரு சுவிட்ச் இருக்கும் (டிபி என்றால் டெசிபெல், ஒலி எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்பதற்கான அளவு). அது ‘பேட்’. ஃபில்டர் இல்லை, மொத்த ஒலியையும் சமமாகக் குறைக்கும். கதை வாசிப்புக்கு அது தேவையே இல்லை, 0-வில் விட்டுவிடுங்கள். மைக்குக்கு முன்னால் மாட்டும் வலைத் தட்டைப் ‘பாப் ஃபில்டர்’ என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம் இல்லை. ‘ப’ சொல்லும்போது வாயிலிருந்து பாயும் காற்றைத் தடுக்கும் துணி அது, அவ்வளவுதான். ஆனால் அதை அவசியம் மாட்டுங்கள்.

படத்தைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோடு சரிந்து கீழே போய்க்கொண்டே இருந்தால் அது கட். சரிந்து, ஒரு படி இறங்கி, அப்புறம் மறுபடி சமமாக ஓடினால் அது ‘ஷெல்ஃப்’. ‘லோ-வைக் கட் பண்ணு’ என்று ஸ்டூடியோவில் யாராவது சொன்னால், லோ கட் ஃபில்டரைப் போடச் சொல்கிறாரா, பேஸ் குமிழைக் கொஞ்சம் இறக்கச் சொல்கிறாரா என்று எனக்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பேஸ் குமிழ் ஷெல்ஃப் வகை. அதை 4 டிபி இறக்கினால் அடி ஒலி முழுவதும் சுமார் 4 டிபி குறையும், அதற்கு மேல் குறையாது. லோ கட் ஃபில்டரோ கீழே போகப் போக மேலும் மேலும் குறைத்துக்கொண்டே போகும். ஷெல்ஃப் குரலின் கனத்தைக் கூட்டிக் குறைக்க. கட், வேண்டாத உறுமலை நீக்க. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுவிட்டுக் குரல் மெலிகிறது என்று புலம்புபவர்கள் நிறையப் பேர்.

அடுத்து அந்த எண்கள். உங்கள் மைக்கின் கையேட்டில் 80 ஹெர்ட்ஸ், ஆக்டேவுக்கு 12 டிபி என்று இருக்கும். 80-ல் ஒரு சுவர் இருக்கிறது, அதற்குக் கீழே எதுவும் வராது என்றுதான் பெரும்பாலோர் நினைத்துக்கொள்கிறார்கள். சுவர் இல்லை. 80 ஹெர்ட்ஸ் என்பது ஒலி 3 டிபி குறைந்திருக்கும் இடம், அதாவது மின்திறன் சரிபாதியாகும் புள்ளி. சரிவு அதற்கு மேலேயே தொடங்கிவிடும். அதற்குக் கீழே உள்ளதும் உடனே செத்துவிடாது. இந்த எண் கணக்கில் பாதிதான். மீதிப் பாதி, சரிவு எவ்வளவு செங்குத்து என்பது. ஆக்டேவ் என்றால் நம் சங்கீதத்தில் ஒரு ஸ்தாயி. ஒரு ஸட்ஜத்திலிருந்து அடுத்த ஸட்ஜம், அதிர்வெண் இரண்டு மடங்கு. 80-லிருந்து ஒரு ஸ்தாயி இறங்கினால் 40. ஆக்டேவுக்கு 12 டிபி உள்ள ஃபில்டர் 40 ஹெர்ட்ஸை 12 டிபி சுமாருக்குக் குறைக்கும். 6 டிபி ஃபில்டர் அதே இடத்தில் 7 டிபிதான் குறைக்கும். 24 டிபி ஃபில்டர் 24 குறைக்கும். 

இந்தச் சரிவையும் ஆளாளுக்கு வேறு மாதிரி எழுதுவார்கள். 6 டிபி என்றால் ‘முதல் வரிசை’ அல்லது ‘ஒரு போல்’ (pole). 12 என்றால் இரண்டாம் வரிசை, இரண்டு போல். 24 என்றால் நான்கு. சிந்தசைசர் வாசிப்பவர்கள் ‘4-போல் ஃபில்டர்’ என்று சொல்வது 24 டிபியைத்தான். ஆடாசிட்டியில் ‘ரோல்-ஆஃப்’ என்ற பெட்டியில் 6, 12, 24, 36, 48 என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும். அங்கே ரோல்-ஆஃப் என்பது சரிவின் அளவு. உங்கள் மைக் கையேட்டிலோ ரோல்-ஆஃப் என்பது அந்த ஃபில்டருக்கே பெயர். ஷூர் கேஎஸ்எம்32 என்ற மைக்கை எடுத்துக்கொண்டால் மூன்றாவது வழக்கம்: அதன் சுவிட்சில் ‘கட்-ஆஃப்’ என்றால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே 18 டிபி, ‘ரோல்-ஆஃப்’ என்றால் 115 ஹெர்ட்ஸுக்குக் கீழே 6 டிபி. அங்கே செங்குத்தானதற்கு ஒரு பெயர், மெல்லச் சரிவதற்கு இன்னொரு பெயர். மூன்று இடத்தில் ஒரே சொல், மூன்று பொருள். ஆகவே ‘ரோல்-ஆஃப் போடலாமா?’ என்று யாரிடமும் கேட்காதீர்கள். எத்தனை ஹெர்ட்ஸ், ஆக்டேவுக்கு எத்தனை டிபி என்று கேளுங்கள். அந்த இரண்டு எண் தெரிந்தால் பெயர் என்னவாக இருந்தால் என்ன.

உங்கள் குரல் ஏன் மெலிந்தது என்பதும் இந்த எண்களிலேயே இருக்கிறது. ஒரே ஃபில்டரை மூன்று பெயரில் மூன்று முறை போட்டிருக்கிறீர்கள். மைக்கில் 12, மிக்ஸரில் 18, ஆடாசிட்டியில் 24: வரிசையாகப் போகும்போது சரிவுகள் கூடும். மொத்தம் ஆக்டேவுக்கு 54 டிபி. வழக்கமான பட்டர்வொர்த் வகை என்று வைத்துக் கணக்குப் போட்டால் 80 ஹெர்ட்ஸில் 14 டிபி சுமாரும், 100 ஹெர்ட்ஸில் ஐந்தரை டிபி சுமாரும் போயிருக்கிறது. கனமான ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 85-லிருந்து 130-க்குள் நிற்கும். நீங்கள் வெட்டியது உறுமலை மட்டும் இல்லை, உங்கள் குரலின் அடித்தளத்தையும் சேர்த்துத்தான். போனில் பேசுவதுபோல் இருக்கிறது என்றீர்கள். காது சரியாகவே பிடித்திருக்கிறது. பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும்தான் கடத்தும். நீங்களும் அதே திசையில்தான் போயிருக்கிறீர்கள்.

சரி, எதை வைத்துக்கொள்வது? மைக் சுவிட்சை மட்டும். மிக்ஸரில் லோ கட்டை அணைத்துவிடுங்கள். ஆடாசிட்டியில் பதிவை முடித்த பிறகு, தேவைப்பட்டால் மட்டும் யோசியுங்கள். மைக் சுவிட்சை நான் விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. மேசை அதிர்வும் ‘ப’வின் காற்றும் மிக்ஸரின் முன்-பெருக்கிக்குப் போய் அதைத் திணறடிப்பதற்கு முன்பே அங்கே அடங்கிவிடும். அப்புறம், இது கார்டியாய்ட் மைக், அதாவது முன்பக்கத்து ஒலியை முக்கியமாகப் பிடிக்கும் வகை. வாயை ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுபோனாலே அடி ஒலி தானாகக் கூடும். 80 ஹெர்ட்ஸுக்கு 12 டிபி என்ற மிதமான ஃபில்டர் 100 ஹெர்ட்ஸில் எடுப்பது ஒன்றரை டிபிதான். அருகில் பேசுவதால் கூடும் கனம் அதை ஈடுகட்டிவிடும். ஆனால் மைக்கில் வெட்டியதைப் பின்னால் திரும்பப் பெற முடியாது என்பது நினைவிருக்கட்டும். வீணையோ தபலாவோ பதிவு செய்யும் நாளில் அந்தச் சுவிட்சை நேர்க்கோட்டுக்குத் தள்ளிவிட வேண்டும்.

உங்கள் குரலின் அடிப்படை அதிர்வெண்ணைத் தெரிந்துகொள்வதும் நல்லது. சாதாரணமாகப் பேசும் சுருதியில் ‘ஆ’ என்று நீட்டிச் சொல்லி, ஃபில்டர் எதுவும் இல்லாமல் பதிவு செய்யுங்கள். அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் என்பதைத் திறங்கள். இடமிருந்து வரும் முதல் பெரிய முகடுதான் அது. 105 என்று வந்தால், ஃபில்டரை 80-க்கு மேல் ஏற்ற வேண்டாம். இதைச் செய்யாமல் இணையத்தில் யாரோ சொன்ன ‘குரலுக்கு 120 போடு’ என்ற அறிவுரையைக் கேட்டால், அது ஒரு பெண் குரலுக்குச் சொன்னதாக இருக்கலாம். அங்கே அடிப்படை அதிர்வெண்ணே பெரும்பாலும் 165-க்கு மேல்தான் ஆரம்பிக்கும், 120 போட்டாலும் ஒன்றும் ஆகாது.

அந்த ‘ம்ம்’ சத்தத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் ஹம் 50-ல் மட்டும் நிற்காது. 100, 150, 200, 250 என்று மடங்குகளிலும் வரும். காதில் விழுவது பெரும்பாலும் இந்த மடங்குகள்தான். லோ கட் 50-ஐக் குறைக்கும்; 150-ஐத் தொடவே தொடாது. அதனால்தான் மூன்று ஃபில்டர் போட்ட பிறகும் அது அப்படியே இருக்கிறது. ஃபில்டரில் கைவைப்பதற்கு முன் ஒரு சோதனை: லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். ஹம் மறைந்தால் பிரச்சினை எர்த்தில் இருக்கிறது. மிக்ஸரையும் லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில், மூன்று ஊசி பிளக்கில் மாட்டிப் பாருங்கள். மைக் கேபிள் மின்வயரோடு சேர்ந்து ஓடுகிறதா என்றும் பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் வாசிக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அதன் காற்றொலி எல்லா அதிர்வெண்ணிலும் பரவியிருக்கும், அதற்கு எந்த ஃபில்டரும் மருந்து இல்லை.

இதெல்லாம் செய்தும் ஹம் மிச்சமிருந்தால், அதற்கான கருவி ‘நாட்ச்’. ஒரே ஒரு அதிர்வெண்ணை மட்டும் ஊசியால் குத்துவது மாதிரி எடுக்கும். ஆடாசிட்டியின் நாட்ச் ஃபில்டரைத் திறந்தால் 60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும், அது அமெரிக்க மின்சாரம். 50 என்று மாற்றுங்கள், பிறகு 100, 150 என்று தனித்தனியாகப் போடுங்கள். 100-ல் போடும்போது மட்டும் பதறாமல் கேட்டுப் பாருங்கள், உங்கள் குரலும் அங்கேதான் இருக்கிறது.

அதில் ‘க்யூ’ என்று ஓர் எண் கேட்கும். இங்கேயும் ஒரு தலைகீழ். க்யூ கூடினால் ஃபில்டர் ஒடுங்கும். வேறு சில ஈக்யூக்களில் க்யூவுக்குப் பதிலாக ‘பாண்ட்விட்த்’ என்று ஆக்டேவ் கணக்கில் இருக்கும். அது கூடினால் ஃபில்டர் அகலும். க்யூ 1.4 என்பது ஏறத்தாழ ஒரு ஆக்டேவ் அகலம். ரீப்பர் என்ற மென்பொருளின் ஈக்யூவில் பாண்ட்விட்த் பார்த்துப் பழகியவர் ஆடாசிட்டியில் ‘ஒடுக்கமாக வேண்டும்’ என்று சின்ன எண்ணைப் போட்டால், ஹம்மோடு குரலில் பாதி போய்விடும். ஹம்முக்கு க்யூ 10-லிருந்து தொடங்கி மேலே போங்கள்.

இவ்வளவையும் லேப்டாப்பின் ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அது 100 ஹெர்ட்ஸை ஒழுங்காக ஒலிக்கவே ஒலிக்காது. நீங்கள் எதை வெட்டினீர்கள், எதை விட்டீர்கள் என்று அதில் தெரிய வழியில்லை. காதை முழுதாக மூடும் சுமாரான ஒரு ஹெட்போன் போதும்.

இனி, பதிவான கதைகள். ஆடாசிட்டியில் ஃபில்டர் போடுவதற்கு முந்தைய கோப்புகள் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் கவலையே இல்லை. மைக்கும் மிக்ஸரும் சேர்ந்து 100 ஹெர்ட்ஸில் எடுத்தது இரண்டரை டிபிதான்; ஃபில்டர் கர்வ் ஈக்யூவில் 90-லிருந்து 150 வரை மெல்லிய ஒரு மேடு, உச்சியில் 3 டிபி, அவ்வளவு போதும். முந்தைய கோப்பு இல்லை, மூன்றும் போட்டதுதான் இருக்கிறது என்றால், அதே இடத்தில் 5 டிபி வரை ஏற்றிப் பாருங்கள். 80-க்குக் கீழே ஏற்ற முயல வேண்டாம். அங்கே குரல் மிஞ்சியிருக்காது, உறுமலும் ஹம்மும்தான் கூடி வரும். ஏற்றிய பிறகும் குரல் உங்களுடையதாகக் கேட்கவில்லை என்றால், முதல் கதையை மட்டும் புதிய அமைப்பில் மறுபடி வாசித்துப் பதிவு செய்து, பழையதையும் புதியதையும் ஒரே சத்த அளவில் வைத்து அடுத்தடுத்துக் கேளுங்கள். மற்றவற்றையும் மறுபடி வாசிக்க வேண்டுமா என்பது அப்போது தெரிந்துவிடும்.